கடலில் தீர்ந்த கணக்கு: 1943 மே மாதம்

இரண்டாம் உலகப் போரின் திருப்புமுனை எது என்று கேட்டால் பலர் ஸ்டாலின்கிராட் என்பார்கள். சிலர் மிட்வே என்பார்கள், சிலர் எல் அலமெய்ன் என்பார்கள். எதுவும் பிழையில்லை. ஆனால் வரவு செலவுப் புத்தகத்தோடு காலம் கழித்தவன் என்ற வகையில், அந்தப் பட்டியலில் 1943 மே மாத வட அத்திலாந்திக்கையும் சேர்க்க வேண்டும் என்பேன்.

பிரித்தானியா ஒரு தீவு. உணவில் பெரும் பங்கும், எண்ணெய் முழுவதும் என்று சொல்லத்தக்க அளவும் கப்பலில்தான் வந்தன. ஜேர்மன் நீர்மூழ்கிப் படையின் தளபதி டோனிட்ஸ் இதைக் கணக்காகவே பார்த்தார். எந்தச் சரக்கு, எந்தக் கடல் என்பது அவருக்கு முக்கியமல்ல. புதிதாகக் கட்டப்படும் கப்பல்களை விட அதிகமானவற்றை மூழ்கடித்தால் பிரித்தானியா பணியும். அதற்கு மாதம் சுமார் 700,000 தொன் தேவை என்று அவர் மதிப்பிட்டார். 1942 நவம்பரில் அந்த இலக்கை எட்டியும் விட்டார். 1943 மார்ச்சில் இரண்டு கப்பல் தொடரணிகளில் மட்டும் 20இற்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்கள் மூழ்கின. தாக்கியவர்கள் இழந்தது ஒரேயொரு நீர்மூழ்கி.

இரண்டே மாதங்களில் நிலைமை தலைகீழானது. அதற்குக் காரணம் ஒன்றல்ல, பல. கரையிலிருந்து விமானங்கள் எட்டமுடியாத நடுக்கடல் இடைவெளியை நீண்டதூர லிபரேட்டர் விமானங்கள் மூடின. சிறிய விமானந்தாங்கிக் கப்பல்கள் தொடரணிகளோடு சென்றன. புதிய ராடார் இருளிலும் நீர்மூழ்கியைக் காட்டியது. நீர்மூழ்கிகள் அனுப்பிய வானொலிச் செய்திகளே அவை இருக்கும் திசையைக் காட்டிக்கொடுத்தன. சங்கேத மொழியை உடைத்தவர்களின் பங்கும் உண்டு. மே மாதத்தில் ஜேர்மனி சுமார் 40 நீர்மூழ்கிகளை இழந்தது. அவற்றில் ஒன்றில் டோனிட்ஸின் இளைய மகனும் இறந்தான். மே 24இல் அவர் வட அத்திலாந்திக்கிலிருந்து தம் படகுகளை விலக்கிக்கொண்டார்.

ஏட்டின் மறுபக்கத்தில் அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்கள் இருந்தன. ஒரே மாதிரி வரைபடம், பகுதி பகுதியாகச் செய்து பொருத்தும் முறை. இப்படி மொத்தம் 2,710 லிபர்ட்டி கப்பல்கள் கட்டப்பட்டன. ஒரு கப்பலை ஐந்து நாளுக்குள் கடலில் இறக்கியும் காட்டினார்கள். 1943இன் நடுப்பகுதியில் கட்டுவது இழப்பை விஞ்சிவிட்டது. அதன்பின் டோனிட்ஸின் கணக்கு எப்படிக் கூட்டினாலும் சரிவரவில்லை.

1944 ஜூன் 6இல் நோர்மண்டியில் இறங்கிய படைகளும் அவற்றின் வண்டிகளும் குண்டுகளும் எரிபொருளும் இந்தக் கடல்வழி திறந்ததால்தான் பிரித்தானியாவில் குவிந்தன. நாம் படங்களில் பார்க்கும் அந்தக் கடற்கரைக்கு ஓராண்டு முன்பே அதற்கான வழி நடுக்கடலில் திறந்துவிட்டது.

இந்தக் கணக்கில் மனித உயிர்களும் இருக்கின்றன. ஜேர்மன் நீர்மூழ்கிகளில் போனவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் திரும்பவில்லை. பிரித்தானிய வணிகக் கப்பல்களில் 30,000 பேர் அளவில் மாண்டனர். அவர்களில் இந்தியரும் சீனரும் பல்லாயிரம். பெரும்பாலானோர் நிலக்கரி அள்ளியவர்கள், இயந்திர அறையில் வெந்தவர்கள், சமையல் செய்தவர்கள். லண்டனில் இருப்பவர்கள் டவர் ஹில் பக்கம் போனால், கடலையே கல்லறையாகக் கொண்ட வணிகக் கடலோடிகளின் பெயர்கள் அங்கே வெண்கலத்தில் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஒருமுறை நின்று வாசித்துவிட்டு வாருங்கள்.