தறியும் பள்ளியும்: காஞ்சியில் தொழிலிடமும் வகுப்பறையும்

1. முன்னுரை

நூல் என்னும் சொல் பஞ்சினின்று முறுக்கிய இழையையும் புலவர் யாத்த ஏட்டையும் ஒருங்கே குறிக்கும். பனுவல் என்பதும் அத்தகையதே. பா என்பது செய்யுளுக்குப் பெயர். நெய்தற்பொருட்டு நீள விரித்த இழைத் தொகுதிக்கும் அதுவே பெயர். 13ஆம் நூற்றாண்டினராகிய பவணந்தியார், நன்னூற் பாயிரத்தில் சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் மகளாகவும், அவன் வாயை அவள் கையாகவும், அறிவைக் கதிராகவும் உருவகித்து இவ்வுறவினை விளக்கினார். இவற்றை அணிநயம் என்ற அளவிற் கொண்டு அமைந்துவிடுதல் பொருந்தாது. தொழில் செய்யும் இடமும் கல்வி பெறும் இடமும் ஒன்றாக இருந்த வாழ்க்கை முறை ஒன்று, காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களில் அண்மைக் காலம் வரை நிலவிற்று. அவ்விரண்டும் யாங்ஙனம் பிரிந்தன, அப்பிரிவால் எய்திய ஊதியம் யாது, நேர்ந்த இழப்பு யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. கடிகையும் சேரியும்

கல்வியிற் காஞ்சி பெற்ற புகழ் பழைமையானது. கடம்பர் குலமுதல்வனாகிய மயூரசருமன் தன் ஆசிரியருடன் பல்லவர் தலைநகரிலிருந்த கடிகைக்குக் கற்க வந்த செய்தியைத் தாளகுண்டாத் தூண் கல்வெட்டு உரைக்கின்றது. அது வடமொழிக் கல்விக்குரிய உயர்நிலைக் கழகம். அதனோடு வேறொரு கல்வி மரபும் இந்நகரில் ஓங்கியிருந்தது. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட உத்தம சோழனின் சென்னை அருங்காட்சியகச் செப்பேடுகள், கச்சிப்பேட்டின் நான்கு சேரிகளில் வாழ்ந்த நெசவாளராகிய பட்டசாலிகளைப் பற்றிப் பேசுகின்றன. ஊரகத்துத் திருமால் கோயிலின் பொருள்களைக் கண்காணிக்கும் பொறுப்பு அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. கோயிற் பொருளைக் காத்தற்குக் கணக்கறிவும் நாணயமும் வேண்டும். அக்காலத்து நெசவாளர் எழுத்தறிவும் கணக்கறிவும் உடைய தொகுதியினராக மதிக்கப்பட்டனர் என்று இதனாற் கொள்ளுதல் தகும். கடிகை ஏட்டுக் கல்வியைப் பேணியதுபோலச் சேரி கைக் கல்வியைப் பேணிற்று எனலாம்.

3. தறிவீடு என்னும் கல்விக்கூடம்

காஞ்சிப் பட்டுச் சேலையின் தனித்தன்மை கோர்வையில் உள்ளது. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தனவாக அமையும்; நெய்யும்போதே கரையின் ஊடையும் உடலின் ஊடையும் ஒன்றோடொன்று கோக்கப்படும். கோர்வை என்னும் பெயரும் கோத்தல் என்னும் வினையடியாக வந்ததே. இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளர் ஒருவரே மூன்றையும் செலுத்துதல் அரிது. ஆதலின் அருகே ஒருவர் அமர்ந்து ஒரு பக்கத்துக் கரை நாடாவைச் செலுத்துவார். முந்தியின் நிறம் வேறாயின், பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் இழையைத் திரித்துப் பிணைத்தல் வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகளை ஒன்றுவிடாது பிணைக்கும் இவ்வேலையும் பல கைகளை வேண்டி நிற்பது.

துணைக்கு அமர்ந்தவர் பெரும்பாலும் சிறுவர் சிறுமியரே. தார் சுற்றுதல், அறுந்த இழையை முடிதல், கரை நாடாவைச் செலுத்துதல், மிதியை மிதித்தல், பின்னர்த் தாமே தறியில் அமர்தல் எனக் கல்வி படிப்படியாக உயர்ந்தது. பாடநூல் இல்லை, பார்த்தலும் செய்தலும் திருத்தப்படுதலுமே பாடம். பாவு, ஊடை, விழுது, அச்சு, படைமரம் முதலிய சொற்களை எவரும் மனப்பாடம் செய்ததில்லை. கருவியைக் கையிற் கொள்ளும்போதே சொல்லும் உடன் வந்தது. பூவேலைக்கு இழைகளை எண்ணி எடுக்குங்கால் பெருக்கலும் வகுத்தலும் தாமே பயின்றன. பட்டின் முறுக்குத் தளர்ந்ததா, பாவு ஈரம் ஏற்றதா என்பவற்றை விரல் அறிந்தது. இவ்வகை அறிவு ஏட்டில் எளிதின் அடங்குவதன்று.

4. அக்கூடத்தின் இருள்

இம்முறையைப் போற்றுவோர் அதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். துணைக்கு அமர்ந்த சிறார் அனைவரும் அவ்வீட்டுப் பிள்ளைகள் அல்லர். பெற்றோர் முன்பணம் பெற்றமையால், அக்கடன் தீரும்வரை பிறர் தறியில் உழைத்த பிள்ளைகளும் இருந்தனர். கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது; குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. எனினும் காஞ்சிபுரம் உட்பட இந்தியப் பட்டுத் தொழிலில் கடனுக்குக் கட்டுண்ட சிறாரின் நிலையை, மனித உரிமைக் கண்காணிப்பகம் என்னும் அமைப்பு 2003இல் தனி அறிக்கையாகவே வெளியிட நேர்ந்தது. கற்கும் உரிமை இன்றித் தொழில் கற்ற அப்பிள்ளைக்குத் தறிவீடு பள்ளியும் அன்று, வீடும் அன்று.

கைத்தொழிலைக் கல்வியோடு இணைக்கும் முயற்சிகள் இருமுறை எழுந்தன. 1937இல் வார்தா மாநாட்டில் உருவாகி, சாகிர் உசேன் குழுவால் வகுக்கப்பட்ட ஆதாரக் கல்வி, நூற்றல் முதலிய தொழிலைப் பள்ளிக்குள் கொணர்ந்தது. 1953இல் இராசாசி அரசு கொணர்ந்த திட்டமோ, பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளையைப் பெற்றோர் தொழிலுக்கு அனுப்பிற்று. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை நுட்பமாக உணரத்தக்கது. முன்னதில் தொழில் எல்லார்க்கும் பொதுவான பாடம். பின்னதில் தொழில் பிறப்பால் வரையறுக்கப்பட்ட விதி. குலக்கல்வித் திட்டம் எனப் பெயர் சூட்டி மக்கள் எதிர்த்த அத்திட்டத்தை, 1954இல் பொறுப்பேற்ற காமராசர் அரசு கைவிட்டது. பின்னர் வந்த மதிய உணவுத் திட்டம் ஏழைப் பிள்ளையைப் பள்ளி நோக்கி ஈர்த்தது. 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்பிரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வியுரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுவரை உள்ளார் அனைவர்க்கும் கல்வியை உரிமையாக்கிற்று. நெசவாளர் பிள்ளை மருத்துவராகவும் பொறியாளராகவும் ஆதற்கு வழி திறந்தது இப்பிரிவினாலேயே என்பதை மறத்தலாகாது.

5. அறிவு இடம்பெயர்ந்த முறை

தொழிலிடத்தில் நிகழ்ந்த மாற்றமோ வேறு வகையது. பூவேலைக்குரிய இழைகளை உயர்த்தும் முறை முன்பு அடை எனப்பட்ட கயிற்றுக் கட்டில் அமைந்திருந்தது. அதனைக் கட்டுவோரின் நினைவே அதற்கு ஏடு. பிரான்சு நாட்டு இலியோன் நகரில் ஜக்கார்டு என்பார் 1804ஆம் ஆண்டளவில் ஆக்கிய கருவி, துளையிட்ட அட்டைகளால் அவ்வேலையைச் செய்தது. அந்நாட்டிலும் தறியருகே அமர்ந்து கயிறிழுத்த சிறுவனின் இடத்தையே அது பெற்றது. அவ்வட்டை முறையைக் கண்டே ஆங்கில நாட்டுப் பாபேசு தம் கணிப்பொறித் திட்டத்திற்குத் துளையட்டையை மேற்கொண்டார். காஞ்சியிலும் ஜக்கார்டு பரவியது. இன்று வடிவங்கள் கணிப்பொறித் திரையில் வரையப்படுகின்றன. மின்னணு ஜக்கார்டில் அட்டையும் வேண்டுவதில்லை. நெசவாளர் நினைவிலிருந்து அட்டைக்கும், அட்டையிலிருந்து கணிப்பொறிக்கும் அறிவு இடம்பெயர்ந்துள்ளது. வடிவத்தை அமைப்போர் வேறு, நெய்வோர் வேறு என்னும் பிரிவும் உடன் வளர்ந்தது.

கைத்தறிக்கெனச் சில துணிவகைகளை ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டமும், 2005-2006இல் கிடைத்த புவிசார் குறியீடும் காஞ்சிப் பட்டின் பெயரைக் காத்தன. ஆயினும் தறிக்கு வரும் இளைஞரை அவை தாமே உண்டாக்கிவிடா. காஞ்சிக்கும் சென்னைக்கும் இடையே இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் உந்துவண்டித் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகள் தொழிற்பேட்டைகளாக வளர்ந்தன. மாதந்தோறும் வரையறுத்த ஊதியமும் வரையறுத்த வேலை நேரமும் உள்ள இடத்தை இளையோர் நாடுவது இயல்பே.

நகரின் புறத்தே உள்ள ஏனாத்தூர் இம்மாற்றத்தை ஒருங்கே காட்டும் இடமாகும். அங்குள்ள சந்திரசேகரேந்திர சரசுவதி விசுவ மகாவித்யாலயம் 1993இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. வடமொழிக் கல்வியும் பொறியியற் கல்வியும் அங்கு அருகருகே நடைபெறுகின்றன. பழைய கடிகையின் மரபும் புதிய கணிப்பொறி வகுப்பும் ஓரிடத்தில் அமைந்துள்ளன. தறித்தெருவோ சில கல் தொலைவிலேயே உள்ளது. எனினும் தறியின் அறிவு இன்னும் வகுப்பறைக்குரிய பாடமாக மதிக்கப்படவில்லை. நம் கலைக் கல்லூரிகள் பலவற்றிற்கும் இக்குறை பொருந்தும்.

2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது வகுப்பறையும் அலுவலகமும் மீண்டும் வீட்டிற்குள் வந்தன. 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி வழியே பாடங்கள் வீடுகளைச் சென்றடைந்தன; 2021இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கிற்று. வீடே தொழிலிடமும் பள்ளியும் ஆயிற்று என்று கூறி இதனைப் பழைய தறிவீட்டோடு ஒப்பிடுவோர் உளர். ஒப்புமை இடத்தளவில் நிற்கின்றது. தறிவீட்டில் கற்பித்தவர் அருகே இருந்தார். பிழை செய்த விரலை உடனே திருத்தினார். திரைவழிக் கல்வியில் கேள்வி உண்டு, காட்சி உண்டு, கைதொட்டுத் திருத்துதல் இல்லை.

6. மொழிக்கு நேரும் இழப்பு

இங்குத் தமிழாய்வாளர்க்குரிய கடமை எழுகின்றது. செயலோடு பிறந்த சொல், செயல் நின்றபோது நின்றுவிடும். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி நெசவுச் சொற்கள் பலவற்றைத் தொகுத்துள்ளது. ஆயின் ஒரு சொல்லின் பொருளைத் தருவது வேறு. தறியின் எவ்வுறுப்பு, எச்செயலில், எவ்வாறு இயங்குங்கால் அச்சொல் வழங்கும் என விளக்குவது வேறு. தெலுங்கில் பத்திரிராசு கிருட்டிணமூர்த்தி அவர்கள் தலைமையில் தொழிற்சொல் அகராதி 1962இல் உழவு பற்றியும், 1971இல் கைத்தறி நெசவு பற்றியும் வெளிவந்தது. களத்திற்சென்று, தொழிலாளர் வாய்மொழியாகவே சொற்களைத் திரட்டிய முறை அது. காஞ்சித் தறிக்கு அத்தகைய தனி நூல் ஒன்று இன்றியமையாதது.

இப்பணிக்குச் சில நெறிகளை ஈண்டு முன்வைக்கின்றோம். முதலாவது, காஞ்சி, ஆரணி, திருபுவனம், சேலம் ஆகிய இடங்களின் சொற்களை ஒப்பிட்டுத் தொகுத்தல் வேண்டும். ஒரே உறுப்பிற்கு ஊர்தோறும் பெயர் வேறுபடுதல் கூடும். இரண்டாவது, தெலுங்கு, கன்னடம், சௌராட்டிரம் பேசும் நெசவாளரும் தமிழ்நாட்டில் வாழ்தலின், சொற்களின் கொடுக்கல் வாங்கலையும் உடன் ஆராய்தல் வேண்டும். மூன்றாவது, சொல்லோடு படமும், அச்செயலை நெசவாளர் விளக்கும் வாய்மொழியும் பதிவாதல் வேண்டும். நான்காவது, சொல்லும் செயலும் உணர்த்தும் முதிய நெசவாளரைத் தகவலாளர் என்று மட்டும் கருதாது, ஆசிரியராகவே ஏற்று ஊதியம் அளித்தல் வேண்டும்.

7. முடிவுரை

பிள்ளையை மீண்டும் தறியின் அருகே அமர்த்துதல் எவ்வாற்றானும் ஏற்கத்தக்கதன்று. 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், பள்ளி நேரம் போக எஞ்சிய பொழுதில் குடும்பத் தொழிலுக்குப் பிள்ளைகள் உதவலாம் என இடமளித்தபோது எழுந்த ஐயங்கள், 1953இல் எழுந்த ஐயங்களை நினைவூட்டுவன. கடிகைக்குச் செல்வோர் இவர், தறிக்குச் செல்வோர் இவர் எனப் பிறப்பால் வரையறுக்கும் நிலை மீளலாகாது. தறியைக் கற்க விரும்பும் வயதுவந்த எவர்க்கும், எக்குடியிற் பிறந்தார்க்கும், பல்கலைக்கழகம் அதனைப் பாடமாகக் கற்பித்தல் இயலும். சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் நடைபெறுவதும், காஞ்சியிலேயே நெசவாளர் சேவை மையம் இயங்குவதும் அதற்குத் துணையாகும்.

தொழில்நுட்பத்தை அந்நிறுவனங்கள் கற்பிக்கும். அதன் தமிழைக் காக்கும் பொறுப்பு நம்முடையது. முதுகலை மாணவர் ஒருவர் ஓராண்டு முயன்றால் ஒரு தெருவின் தறிச்சொற்களைத் தொகுத்துவிடுதல் கூடும். கோர்வை நெய்யும் முதியோர் வாழும்போதே அம்முயற்சி தொடங்கப்பெறுதல் வேண்டும். நூல் என்னும் சொல்லின் இருபொருளையும் வகுப்பில் விளக்கும் நாம், அவ்விரண்டினுள் ஒன்றன் பொருளைத் தறித்தெருவிற் சென்று கற்றுவருதல் முறையாகும்.