‘பரவாயில்ல டாக்டர்!’ - அம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்கு முன்னாடி நீங்க செய்ய வேண்டியவை

வீட்டுக்குள்ள சுவரைப் பிடிச்சுக்கிட்டே நடக்கிற அம்மா, ஆர்த்தோ டாக்டர் ரூமுக்குள்ள போனதும் நிமிர்ந்து உட்கார்ந்து, “பரவாயில்ல டாக்டர், அப்பப்போ லேசா வலிக்கும்” என்பார். பக்கத்தில் இருக்கிற உங்களுக்குக் கடுப்பாகும். ராத்திரி முழுக்கத் தைலம் தேய்ச்சது நீங்கதானே!

அந்த ஒரு ‘பரவாயில்ல’ சாதாரண விஷயம் இல்லை. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை வேணுமா, வேண்டாமா என்பதை எக்ஸ்ரே மட்டும் முடிவு செய்றதில்லை. படத்தில் மூட்டு மோசமாகத் தெரிகிற சிலர் கோயில் பிராகாரத்தை மூன்று சுற்று வருவார்கள். படத்தில் சுமாராகத் தெரிகிற சிலருக்கு பாத்ரூம் போய் வருவதே போராட்டமாக இருக்கும். வலி எந்த வேலையைச் செய்யவிடாமல் தடுக்குது என்பதுதான் டாக்டருக்குத் தெரியணும்.

அதனால டாக்டரைப் பார்க்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே உங்க போனில் ஒரு நோட் ஆரம்பிங்க. எவ்வளவு நேரம் நடந்தா உட்கார வேண்டியிருக்கு? மாடிப்படியில் ஒவ்வொரு படியிலும் ரெண்டு காலையும் வெச்சு இறங்குறாங்களா? வலியால தூக்கம் கலையுதா? மாசத்துக்கு எத்தனை வலி மாத்திரை? கடைசிக் கேள்வியை விட்டுடாதீங்க. கடையில் வாங்கிப் போடுற வலி மாத்திரைகள் வயிற்றையும் கிட்னியையும் பதம் பார்க்கும். அம்மாகிட்ட கேட்டுட்டு, அவங்க நடக்கிறதை பத்து விநாடி வீடியோ எடுத்து வெச்சுக்கிட்டாலும் நல்லது. பழைய எக்ஸ்ரே இருந்தாலும், நின்னபடி எடுத்ததா என்று பாருங்க. உடம்பு எடை மூட்டில் இறங்கும்போதுதான் தேய்மானம் சரியாகத் தெரியும்.

முதல் விசிட்டிலேயே தேதி குறிக்கணும்னு அவசரம் இல்லை. தேய்மானத்துக்கு ஆபரேஷன் கடைசிப் படிதான். தொடைத் தசைக்கான பயிற்சி, எடைக் குறைப்பு, வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில் கைத்தடி இதையெல்லாம் ஒழுங்காகச் செய்து பார்த்தாச்சா என்று முதலில் கேளுங்க. இன்னொரு டாக்டரிடம் கருத்து கேட்கிறதும் தப்பே இல்லை.

‘முட்டியையே வெட்டி எடுத்துடுவாங்களாம்’ என்ற பயம் நிறைய வீட்டில் இருக்கு. அப்படி இல்லை. தொடை எலும்பின் கீழ்முனையிலும், கீழ்க்கால் எலும்பின் மேல்முனையிலும் தேய்ஞ்ச பரப்பை மட்டும் செதுக்கிட்டு, பல்லுக்கு கேப் போடுற மாதிரி உலோகம் பொருத்துவாங்க. நடுவில் உறுதியான பிளாஸ்டிக். பதிவேடுகளை வைத்து 2019-ல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வின்படி, 10 செயற்கை மூட்டுகளில் சுமார் 8, 25 வருஷம் வரை தாங்குது.

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. இந்த ஆபரேஷன் செய்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முழுத் திருப்தி இல்லை என்கிறார்கள். எதிர்பார்ப்புக்கும் நிஜத்துக்கும் இடையில் இருக்கிற இடைவெளி அதுக்கு ஒரு முக்கியக் காரணம். நம்ம அம்மாக்களுக்கு அந்த இடைவெளி தரையில்தான் இருக்கு. சம்மணம் போட்டுச் சாப்பிடறது, அரிவாள்மனையில் காய் நறுக்கறது, பூஜை அறையில் உட்காரறது, இந்தியன் டாய்லெட் எல்லாத்தையும் பெரும்பாலும் தவிர்க்கச் சொல்வாங்க. இதை ஆபரேஷன் முடிஞ்ச பிறகு கேள்விப்பட்டா மனசு உடைஞ்சுபோகும். டாக்டர் ரூமிலேயே, அம்மா காதில் விழற மாதிரி கேட்டுடுங்க. முடிவு எடுக்க வேண்டியது அவங்கதான், நீங்க இல்லை.

பணம்? செயற்கை மூட்டுக்கு மத்திய அரசின் விலைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2017 ஆகஸ்ட்டில் உச்சவரம்பு வெச்சது. பரவலாகப் பயன்படுகிற கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போ 54,720 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அதனால எஸ்டிமேட்டில் மூட்டின் விலை, மற்ற செலவு என்று பிரிச்சு எழுதிக் கேளுங்க. ஹெல்த் இன்ஷூரன்ஸ் இருந்தா, மூட்டு மாற்றுக்குக் காத்திருப்புக் காலம் முடிஞ்சிருக்கானு பாருங்க. பல பாலிசிகளில் அது 2 வருஷமோ அதுக்கு மேலயோ இருக்கும்.

மாத்திரை டப்பாவை போட்டோ எடுங்க

தேதி குறிச்ச பிறகு உங்களுக்கான உண்மையான வேலை ஆரம்பிக்குது. வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டையையும் போட்டோ எடுங்க. லேகியம், கஷாயம், யாரோ கொடுத்த பெயர் இல்லாத மூட்டுவலிப் பொடி உட்பட. அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தா, மயக்க மருந்து டாக்டருக்கு அது அவசியம் தெரியணும். ஆஸ்பிரின், க்ளோபிடோகிரெல் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கப் போடுற மாத்திரையை எப்போ நிறுத்தணும், நிறுத்தணுமா என்பதையே டாக்டர்தான் சொல்லணும். யூடியூப் பார்த்து நீங்களே நிறுத்தினா இதயத்துக்கே வினையாகலாம். முட்டியில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தா, எந்தத் தேதியில் போட்டதுனு சொல்லுங்க. பொதுவா அதுக்கப்புறம் 3 மாசம் காத்திருப்பாங்க, கிருமித்தொற்று பயம்தான் காரணம்.

இந்த ஆபரேஷனில் டாக்டர்கள் அதிகம் பயப்படறதும் அந்தத் தொற்றுக்குத்தான். செயற்கை மூட்டில் கிருமி குடியேறிட்டா, சில நேரம் மூட்டையே கழற்றி மாற்ற வேண்டியிருக்கும். எனவே சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, காலில் புண், ஆழமான பித்தவெடிப்பு எதுவா இருந்தாலும் முன்கூட்டியே சரி பண்ணிடணும். சர்க்கரை இருந்தா, மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி பெரும்பாலும் 8-க்குக் கீழே வரணும் என்பார்கள். முந்தின நாள் வீட்டிலேயே காலை ரேஸரால் ஷேவ் பண்ணிட்டுப் போகாதீங்க. கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும், கிருமி நுழைய.

காத்திருக்கிற வாரங்களில் ஒரு பயிற்சி. படுத்துக்கிட்டு முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு வெச்சு, அதை அழுத்தி ஐந்து விநாடி பிடிச்சு விடணும். தினமும் சில முறை, பத்துப் பத்தாக. தொடைத் தசை வலுவா இருந்தா, பிறகு வாக்கர் பிடிச்சு எழுந்திருக்கிறது சுலபம்.

வீட்டையும் ஒரு சுற்று பாருங்க. வாசல் மிதியடி, தளர்ந்து கிடக்கிற ஒயர் ரெண்டும் போகட்டும். வெஸ்டர்ன் டாய்லெட் தாழ்வா இருந்தா உயரம் கூட்டுற சீட் கிடைக்கும். பக்கத்தில் பிடிச்சு எழ ஒரு கம்பி. பாயில் படுக்கிறவங்கன்னா கட்டில். கை வெச்ச, உயரமான நாற்காலி. விளக்கேத்துற இடத்தை ஒரு மேஜைக்கு மாத்திடுங்க. அம்மா இதைத்தான் முதலில் கவனிப்பாங்க.

ஆபரேஷன் அன்னிக்கே அல்லது மறுநாளே நடக்க வைப்பாங்க, பதறாதீங்க. முதல் சில வாரம் நல்லா வலிக்கும். டாக்டர் கொடுத்த வலி மாத்திரையை பிசியோதெரபிக்கு அரை மணி நேரம் முன்னாடி கொடுத்தா பயிற்சி நடக்கும். கால் இதமா இருக்குன்னு முட்டிக்கு அடியில் தலையணை வெச்சுத் தூங்க விடாதீங்க, மூட்டு மடங்கியபடியே இறுகிடும்.

கெண்டைக்காலில் புதுசா வீக்கம், வலி, காய்ச்சல், தையலில் நீர் கசியறது இதில் எது வந்தாலும் அன்னிக்கே டாக்டருக்குப் பேசணும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் நேரே ஆஸ்பத்திரிதான். அம்மா “பரவாயில்ல, காலையில பார்த்துக்கலாம்” என்பார், கேட்காதீங்க. டிஸ்சார்ஜ் ஷீட்டில் இருக்கிற எமர்ஜென்சி நம்பரை அன்னிக்கே வீட்டில் எல்லார் போனிலும் சேவ் பண்ணிடுங்க.