காட்சியின் முடிச்சுகள்

ஒரு தெருவை நாம் அசையாமல் நோக்கிக்கொண்டிருப்பதாக எண்ணும் வேளையிலும், நம் விழிகள் நொடிக்கு ஏறக்குறைய மூன்று தடவை இடம்விட்டு இடம் தாவிக்கொண்டேயிருக்க, ஒவ்வொரு தாவலிலும் காட்சி ஒரு கணம் அறுந்துபோகிறது. அறுந்த முனைகளைச் சேர்த்து, முன்பு கண்ட சிவப்புச் சேலையே இப்போது காண்பதும் என்று நமக்கு நிச்சயம் தருவதில் பெரும்பங்கு, காட்சி சார்ந்த குறுகியகால ஞாபகத்தினுடையது.

இதன் கொள்ளளவு அற்பமானது என்பது பழைய செய்தி. எதை ஒன்று என்று அது எண்ணுகிறது என்பதே ருசிகரமான கேள்வி. அமெரிக்காவில் ஸ்டீவன் லக், எட்வர்டு வோகல் என்னும் இருவர், வண்ணச் சதுரங்கள் சிலவற்றை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே காட்டி மறைத்து, நொடிக்குச் சற்றுக் குறைந்த வெறுமைக்குப் பின் மறுபடி காட்டி, ஏதாவது மாறியிருக்கிறதா என்று வினவினார்கள். மூன்று சதுரம் வரையில் பிழை அபூர்வம். நான்கைத் தாண்டத் தாண்டத் தடுமாற்றம் மிகுந்தது. பின்னர், நிறம், சாய்வு, பருமன், நடுவிலுள்ள இடைவெளி ஆகிய நான்கு குணங்களில் எதுவும் மாறக்கூடிய கோடுகளைக் காட்டினார்கள். நான்கு கோடுகளில் 16 குணங்களைச் சுமந்தபோதும், கோட்டுக்கு ஒரே குணத்தைச் சுமந்தபோது பட்ட சிரமத்துக்கு மேல் மனம் படவில்லை. குணங்களை உதிரியாக எண்ணாமல், வஸ்துவுக்கு ஒரு முடிச்சாகக் கட்டி மனம் வைத்துக்கொள்கிறது என்று 1997-இல் அவர்கள் எழுதினார்கள்.

இத்தனை அழகான முடிவு எனக்குச் சற்றே சந்தேகம் தருவது வழக்கம். 2002-இல் மேரி வீலரும் ஆன் ட்ரீஸ்மனும் செய்த சோதனைகளில், நிறங்களும் வடிவங்களும் நன்றாகவே நினைவிருக்க, எந்த நிறம் எந்த வடிவத்துக்குரியது என்பதே, முழுக் காட்சியையும் மறுபடி காட்டியபோது, நழுவிப்போயிற்று. முடிச்சை இறுக்கிப் பிடித்திருப்பது கவனம் என்பது அவர்கள் துணிபு.

லண்டனில் பால் பேஸும் மசூத் ஹுசைனும் 2008-இல் இன்னும் ஒருபடி போய், ஞாபகம் நான்கு அறை கொண்ட பெட்டியன்று, எத்தனை பேர் வந்தாலும் பங்கிட்டு ஊற்றப்படும் ஒரு சொம்புப் பால் என்றே கொள்ளத்தக்க முடிவைச் சொன்னார்கள்: வஸ்து ஒன்றிலிருந்து இரண்டானதுமே நினைவின் கூர்மை குறையத் தொடங்கிவிடுகிறது. அதே ஆண்டில் வெய்வெய் ஜாங்கும் லக்கும், பார்த்த நிறத்தை வண்ணச் சக்கரத்தில் சுட்டிக்காட்டச் சொன்னபோதோ, சதுரங்கள் மூன்றிலிருந்து ஆறானபின் நினைவு மேலும் மங்கவில்லை. நினைவிலிருந்தவற்றின் கூர்மை அப்படியே நிற்க, மற்றவற்றுக்கு வந்த விடை வெறும் குருட்டு யூகமாயிருந்தது. ஆறு பேர் கேட்டு நின்ற இடத்தில், சிலருக்கு ஒரு துளியும் கிடைக்கவில்லை.