தண்ணீர் தீர்ந்ததும் ‘டக்’

ஒரு பாத்திரத்தில் வெறும் தண்ணீரை வைத்து அடுப்பை முழுதாக எரியவிடுங்கள். கொதி வந்த பிறகு எத்தனை நேரம் எரிந்தாலும் தண்ணீரின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. தீயைக் கூட்டினால் ஆவி கூடும், அவ்வளவுதான். தண்ணீர் இருக்கும் வரை பாத்திரத்தின் அடியும் அந்தச் சூட்டை ஒட்டியே நிற்கும். வற்றியதும் அடி காய்ந்து, சூடு கிடுகிடுவென ஏறுகிறது. அடுப்பில் சாம்பாரை மறந்துவிட்டு வந்தவர்களுக்கு இது தெரியும். வெகுநேரம் ஒன்றும் ஆகாது. பிறகு திடீரென்று வீடெல்லாம் தீய்ந்த வாசனை.

மேசைமேல் வைக்கும் சின்ன எலக்ட்ரிக் ரைஸ் குக்கர், அடிப்பிடிப்பதற்குச் சற்று முன்னால் வரும் அந்த நொடியைப் பிடிக்கிறது. லீவர் வைத்த சாதாரண மாடலில் கடிகாரம் கிடையாது. எத்தனை நிமிடம் ஆயிற்று, அரிசி வெந்ததா, உள்ளே இருப்பது சோறா பருப்பா, எதுவும் அதற்குத் தெரியாது. பாத்திரத்தின் அடி 100 டிகிரியைத் தாண்டிவிட்டதா என்பது மட்டும் தெரியும். எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்று அதற்குச் சொல்வது நாம் ஊற்றும் தண்ணீர்தான். குக்கரில் சோறு குழைவதும் அரைவேக்காடாக நிற்பதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது.

தண்ணீர் அவ்வளவு பிடிவாதமாக 100-இல் நிற்கக் காரணம், ஆவியாகும்போது அது விழுங்கும் வெப்பம். 30 டிகிரியில் இருக்கும் அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சுமார் 146 கிலோஜூல் போதும். கொதித்த பின் அதில் வெறும் 100 மில்லியை ஆவியாக்க 226 கிலோஜூல் வேண்டும். குக்கரின் சூட்டுத் தட்டு கொடுக்கும் சூட்டையெல்லாம் ஆவி வாரிக்கொண்டு போய்விடுவதால் பாத்திரம் சூடேற வழியில்லை.

இனி உள்ளே பார்ப்போம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாத்திரத்தை வெளியே எடுங்கள். சூட்டுத் தட்டின் நடுவில், விரலால் அமுக்கினால் இறங்கி மறுபடி எழும்பும் ஒரு வட்டக் குமிழ் இருக்கும். அதன் மேல்மூடிக்குள் ஃபெரைட் என்ற காந்தப் பொருளால் ஆன சிறு வில்லை இருக்கிறது. அதற்குக் கீழே, லீவரோடு சேர்ந்த ஒரு நிரந்தரக் காந்தம். நாம் லீவரை அழுத்தும்போது காந்தம் மேலேறி வில்லையைக் கவ்விக்கொள்கிறது. மின்முனைகள் சேர்கின்றன, தட்டு காய்கிறது. காந்தத்தைக் கீழே தள்ள ஒரு ஸ்பிரிங் காத்திருக்கிறது. ஆனால் கவ்விய பிடி அதைவிட வலுவானது.

காந்தம் ஈர்க்கும் எந்தப் பொருளுக்கும் ஒரு சூட்டு எல்லை உண்டு. அதைக் கடந்தால் காந்தத்தின் இழுப்புக்கு அது மசியாது. காந்தமும் வெப்பமும் பற்றி 1895-இல் முனைவர் ஆய்வு செய்த பியர் கியூரியின் பெயரால் இதைக் கியூரி வெப்பநிலை என்கிறார்கள். இரும்புக்கு அது 770 டிகிரி, சமையலறைக்கு உதவாது. ஃபெரைட்டின் கலவையை மாற்றினால் அந்த எல்லையை வேண்டிய இடத்துக்கு இறக்கிக்கொள்ளலாம். ரைஸ் குக்கருக்கு வைப்பது சுமார் 103 டிகிரி. தண்ணீர் இருக்கும்வரை எட்டவே முடியாத, தண்ணீர் தீர்ந்ததும் உடனே எட்டிவிடுகிற சூடு அது. அங்கே வில்லை தன் காந்த குணத்தை இழக்கிறது. பிடி விடுகிறது, ஸ்பிரிங் தள்ளுகிறது, லீவர் ‘டக்’கென்று மேலே வருகிறது. சிப் இல்லை, திரை இல்லை. ஒரு பொருளின் இயல்பையே சுவிட்சாக்கியிருக்கிறார்கள். வீட்டுச் சாதனங்களில் இதைவிட நேர்த்தியான வடிவமைப்பை நான் கண்டதில்லை.

சூடு இறங்கினால் வில்லைக்குப் பழைய குணம் திரும்பிவிடும். லீவர் எழும்பியவுடன் மறுபடி அழுத்தினால் நிற்காமல் போவது அதனால்தான். சில நிமிடம் ஆறவிட்டால் நிற்கும். கரண்டியை முட்டுக்கொடுத்து லீவரை நிறுத்துவது, தெரிந்தே காவலைக் கழற்றிவிடும் காரியம்.

ஜப்பானில் 1955-இல் தோஷிபா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் தானியங்கி குக்கர் இதே வேலையை வேறு விதமாகச் செய்தது. அதில் இரண்டு பாத்திரங்கள். வெளிப் பாத்திரத்தில் ஒரு கோப்பைத் தண்ணீர். அது ஆவியாகித் தீரச் சுமார் 20 நிமிடம். தீர்ந்ததும் சூடு ஏறி, சூட்டில் வளையும் ஈருலோகத் தகடு மின்சாரத்தை நிறுத்திவிடும். வடிவமைத்தவர் மினாமி யோஷிதாடா. மீண்டும் மீண்டும் சோறு ஆக்கிப் பார்த்து அளவும் நேரமும் கண்டுபிடித்தவர் அவர் மனைவி ஃபூமிகோ. கணவரின் பெயருக்குக் கிடைக்கும் இடம் அவர் பெயருக்கும் கிடைக்க வேண்டும்.

நாம் சோறு வடித்துப் பழகியவர்கள். உலையில் தாராளமாகத் தண்ணீர் வைத்து, ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து, கஞ்சியை வடித்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். எலக்ட்ரிக் குக்கரை அதன் போக்கில் விட்டால் அந்தச் சலுகை இல்லை. ஊற்றியது அத்தனையும் ஒன்று அரிசிக்குள் போக வேண்டும், இல்லையென்றால் ஆவியாகப் போக வேண்டும். ஆகவே தண்ணீரை இரண்டு பங்காக நினைத்துக்கொள்ளுங்கள். அரிசியின் பங்கு அரிசியோடு சேர்ந்து கூடும். ஆவியின் பங்கு அப்படிக் கூடுவதில்லை. தட்டின் வாட் அதேதான், மூடியும் அதேதான், கொதிக்கும் நேரமும் ஏறக்குறைய அதேதான். ஒரு டம்ளர் புழுங்கலரிசிக்கு மூன்று டம்ளர் தண்ணீர் உங்கள் குக்கரில் சரியாக வந்தால், இரண்டு டம்ளருக்கு ஆறு ஊற்றாதீர்கள். ஐந்தரையில் தொடங்குங்கள். விருந்தாளி வந்த நாளில் மட்டும் சோறு குழைந்துபோவதன் காரணம் பல வீடுகளில் இதுதான்.

பச்சரிசிக்கு இரண்டு டம்ளரே போதும். புழுங்கலரிசி இறுகிய மணி, தண்ணீர் உள்ளே நுழைய நேரம் பிடிக்கும். அளந்த அதே தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துவிட்டு லீவரை அழுத்தினால், அரிசியின் பங்கில் கொஞ்சம் முன்கூட்டியே உள்ளே போய்விடும். நடுவில் வேகாத சோறு வருகிறதென்றால், தண்ணீரைக் கூட்டும் முன் இதைச் செய்து பாருங்கள்.

குமிழ் தொட்டுப் பார்ப்பது அடியை மட்டும் என்பதால் வரும் சங்கடங்களும் உண்டு. வெண்பொங்கலில் அரிசியும் பருப்பும் குழைந்து அடியில் படியும். தண்ணீர் சுழன்று கீழே வர முடியாமல், மேலே தளதளவென்று இருக்கும்போதே அடி 103-ஐத் தொட்டுவிடும். லீவர் முன்னதாகவே எழும்பும். அப்போது கிளறி, கொஞ்சம் வெந்நீர் விட்டு, ஆறவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். சர்க்கரைப் பொங்கலுக்கு வெல்லத்தை முதலிலேயே போடக் கூடாது. பாகு கெட்டிப்பட அதன் கொதிநிலை ஏறும், அடியும் பிடிக்கும். அரிசி வெந்து லீவர் எழும்பிய பிறகு, கரைத்து வடிகட்டிய வெல்லத்தை ஊற்றிக் கிளறி மூடினால் போதும். தாளிப்பை இதில் எதிர்பார்க்க வேண்டாம். கடுகு வெடிக்க எண்ணெய் 103-ஐவிட வெகுவாகக் காய வேண்டும், அதற்குள் பெரும்பாலும் லீவர் மேலே வந்துவிடும். தாளிப்புக் கரண்டி அடுப்பிலேயே இருக்கட்டும்.

சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குறைந்த சூட்டில் அரிசி மெதுவாக வேகும். குக்கருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தண்ணீர் தீர்ந்தால் நிறுத்திவிடும். ஆகையால் அங்கே கூடுதலாக ஊற்றுவது கூடுதல் நேரம் கொடுப்பதற்காக. பிரஷர் குக்கரில் இந்தத் தொல்லை குறைவு, ஆவியை அடைத்துக் கொதிநிலையை 120 டிகிரி வரை ஏற்றிவிடுகிறது.

லீவர் எழும்பிய பின் பத்து நிமிடம் மூடியைத் திறக்காதீர்கள். அடிச்சோற்றுக்கும் மேல்சோற்றுக்கும் ஈரம் சமமாகும், உதிரியாக வரும். சில பத்து வாட் மட்டும் எடுக்கும் ‘வார்ம்’ நிலை சோற்றை 60 டிகிரிக்கு மேல் வைத்திருப்பதற்காக. கொதியிலும் சாகாத கிருமி வித்துகள் அரிசியில் உண்டு, இளஞ்சூட்டில் அவை பெருகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சோற்றை மூடியபடி மாலைவரை விட்டுவைப்பது வயிற்றுக்கு ஆகாது.

பாத்திரத்தை வைக்கும்முன் அதன் வெளிப்புறத்தைத் துடையுங்கள். தட்டில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தாலும் பாத்திரம் சரியாக உட்காராது. தட்டின் சூடு பாத்திரத்துக்குப் போகாமல் குமிழைக் காய்ச்சும், லீவர் அவசரப்பட்டு எழும்பும். திடீரென்று எந்த விளக்கும் எரியவில்லை என்றால், உள்ளே இருக்கும் வெப்ப ஃபியூஸ் போயிருக்கலாம். ஒருமுறை போனால் மாற்றத்தான் வேண்டும், அதே அளவில். அதை எடுத்துவிட்டு வயரை நேராக முறுக்கித் தரும் பழுதுபார்ப்புக்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். ஃபெரைட் வில்லை தவறும் நாளில் தட்டை நிறுத்த அந்தக் குக்கருக்குள் வேறு எதுவும் இருக்காது.