கருணைக்கொலையும் இறுதி நாள் மருத்துவமும்

'கருணைக்கொலை' என்னும் தொடரில் ஒன்றோடொன்று ஒவ்வாத இரு சொற்கள் இணைந்து நிற்கின்றன. எனினும், தீராப் பிணியால் துடிப்பவரைக் கண்ணெதிரே காண்போர், 'இவ்வுயிர் நோவின்றிப் பிரியாதா?' என ஏங்குவது இயல்பே. அவ்வேக்கத்தைக் குற்றமென்று எவரும் கூறார். ஏங்கும் மனத்தைப் பின்பற்றிக் கை எதுவரை செல்லலாம் என்பதே வினா.

இவ்வினாவை நம் நாட்டின் முன் வைத்தது அருணா ஷான்பாக் வழக்கு. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராய் இருந்த அவர், 1973 நவம்பரில் அங்கேயே பணியாள் ஒருவனால் தாக்கப்பட்டு, மூளை சிதைந்து நினைவிழந்தார். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்த ஆணையிடுமாறு இதழாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றத்தை வேண்டினார். மருத்துவமனைச் செவிலியரோ அதற்கு ஒப்பவில்லை. தாம் பணியேற்கும் முன்பே படுக்கையில் வீழ்ந்துவிட்ட ஒருவரைத் தம் உடன்பிறப்பெனப் பேணிய இளஞ்செவிலியரும் அவர்களுள் இருந்தனர். 2011 மார்ச் 7 அன்று நீதிமன்றம் அம்மனுவைத் தள்ளுபடி செய்தது. ஏறத்தாழ 42 ஆண்டுகள் படுக்கையிலிருந்த அருணா, 2015 மே 18 அன்று நிமோனியாக் காய்ச்சலால் இயற்கை எய்தினார்.

அதே தீர்ப்புத்தான், பயனற்ற சிகிச்சையை உரிய அனுமதியுடன் நிறுத்தலாம் என்னும் வழியையும் திறந்தது. 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதனை உறுதிசெய்தது. ஒருவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே தம் விருப்பத்தை எழுதிவைக்கலாம் என்றும் கூறியது. அதற்கான நடைமுறை 2023இல் எளிதாக்கப்பட்டது. எனினும் மருத்துவக் குழுக்களின் ஒப்புதலின்றி எவரும் தாமாக முடிவெடுக்க இயலாது. நஞ்சூசி இட்டு உயிர் போக்குவதை இந்தியச் சட்டம் இன்றும் ஏற்கவில்லை. நெதர்லாந்தும் பெல்ஜியமும் 2002 முதல் அதனையும் அனுமதிக்கின்றன.

கொல்லுதல் வேறு, வந்துவிட்ட மரணத்தைக் கருவிகொண்டு தடுத்து நிறுத்தாதிருத்தல் வேறு. இவ்வேறுபாடு இஸ்லாமிய மரபில் தெளிவாகவே உள்ளது. உயிர் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம், உடையவன் அவனே. ஓர் உயிரை அநியாயமாய்ப் பறிப்பது மானுட இனத்தையே அழிப்பதற்கு ஒப்பு என்பது திருக்குர்ஆன் ஐந்தாம் அத்தியாயம் 32ஆம் வசனத்தின் கருத்து. காயத்தின் வேதனை தாளாமல் தன் கையைத் தானே அறுத்து மாண்டவனுக்குச் சுவனம் விலக்கப்பட்டதை நபிமொழி ஒன்று கூறுகிறது. துன்பத்தின் பொருட்டு மரணத்தை வேண்டுவதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள்.

ஆனால் இதே மரபில் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. வலிப்பு நோயுற்ற பெண்மணி ஒருவர் நாயகத்திடம் வந்து முறையிட்டார். பொறுத்துக்கொண்டால் சுவனம் உண்டு, விரும்பினால் குணமடையப் பிரார்த்திக்கிறேன் என்றார்கள் நபியவர்கள். அப்பெண்மணி பொறுமையைத் தேர்ந்தார்; வலிப்பு வரும்போது தம் ஆடை விலகாதிருக்க மட்டும் பிரார்த்திக்குமாறு வேண்டினார். குணமாவது உறுதியில்லாத நிலையில் சிகிச்சை கட்டாயக் கடமையன்று என்பதற்குச் சட்ட மேதைகள் பலர் இதனையே சான்று காட்டுவர். எனக்கோ அவருடைய இரண்டாம் வேண்டுகோளே பெரிதாகத் தோன்றுகிறது. நோயினும் அவர் அஞ்சியது மானம் குலைவதற்கு.

குவைத்தில் 1981இல் வெளியான இஸ்லாமிய மருத்துவ நெறிமுறை, கருணைக்கொலையை மறுத்த கையோடு, மீட்க இயலாத நிலையில் கருவிகளால் உடலை நீட்டித்து வைப்பது வீண் என்றும் உரைத்தது. மூளையின் இயக்கம் முற்றும் நின்றதை வல்லுநர் உறுதிசெய்தபின், இதயம் கருவியால் துடித்துக்கொண்டிருப்பினும் அதனை அகற்றலாம் என்று 1986இல் அம்மானில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு கழகம் தீர்மானித்தது. உணவையும் நீரையும் மறுப்பதை மட்டும் அறிஞர் பலர் ஏற்பதில்லை. ஆகவே, நிலத்தை விற்றேனும் தந்தையைச் செயற்கைச் சுவாசக் கருவியில் வைக்காவிடில் பாவமாகுமோ என நடுங்கும் மகனுக்கு மார்க்கம் அச்சுமையை ஏற்றவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையும் இதே கோட்டில் நிற்கிறது. மிகையான சிகிச்சை கடமையன்று எனப் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957இலேயே கூறினார். சமணர் சல்லேகனையும் நம் சங்க காலத்து வடக்கிருத்தலும் நோய் தீர்க்கும் வழிகள் அல்ல. அவற்றை இங்கே சான்றாக இழுப்பது பொருந்தாது.

இதனினும் கசப்பான செய்தி நம்மருகே உண்டு. விருதுநகர், மதுரை மாவட்டச் சிற்றூர்கள் சிலவற்றில் 'தலைக்கூத்தல்' என்னும் பெயரில், முதியோருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரை மிகுதியாய்ப் புகட்டி முடித்துவிடும் வழக்கம் இருந்து வந்துள்ளது. அதற்கும் கருணை என்றே பெயர். அங்கே முதியவரின் விருப்பத்தைக் கேட்டவர் யார்? கொல்லும் உரிமையைச் சட்டம் வழங்கினால் முதலில் அஞ்ச வேண்டியவர் ஏழை முதியவரே.

சாக வேண்டுமெனக் கேட்கும் நோயாளி பெரும்பாலும் வலி நீங்க வேண்டுமென்றே கேட்கிறார். புற்றுநோய் வலியைத் தணிக்க வாய்வழி மார்பின் மலிவான மருந்து. ஆயினும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அதனை மருத்துவமனைகளிலிருந்தே துரத்தியது. 2014இல்தான் அச்சட்டம் தளர்த்தப்பட்டது. இதற்கிடையே கோழிக்கோட்டில் 1993இல் மருத்துவர் சிலர் வலி தணிப்பு மருத்துவச் சங்கத்தைத் தொடங்கினர். அதன் கிளைப்பாக மலப்புரம் மாவட்டத்தில் அண்டை அயலாரே பயிற்சி பெற்று, படுக்கையிலிருப்போரை வீடு தேடிச் சென்று, புண் கழுவி, மருந்து கொடுத்து, அருகமர்ந்து பேசிவிட்டுத் திரும்புகின்றனர்.