பனி விட்ட நிலமும் பெருமுக்கற் பாறையும்

திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கல் மலைமீது சென்ற கோடை விடுமுறையில் யாமும் எம் விடுதித் தோழர் இருவரும் ஏறினோம். மலைமேலுள்ள கோயிலையும் குகையிலுள்ள பழங்காலப் பாறைச் செதுக்குகளையும் காண்பதே எம் நோக்கம். ஆயினும், எம் கருத்தைக் கவர்ந்தது பிறிதொன்று. கல்லுடைப்போர் வெட்டிய பாறைமுகம் வெளிறிக் கிடந்தது. வெட்டுண்ணாத பாறையிலோ, மழைநீர் வழியும் தாரைதோறும் கரிய பட்டைகள் படிந்திருந்தன. அக்கருமையை அழுக்கென்றே யாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். அஃது அழுக்கன்று, நீலப்பசும்பாசி முதலிய நுண்ணுயிர்களின் குடியிருப்பு எனத் தாவரநூல் பயிலும் தோழர் கூறக் கேட்டு நாணினோம்.

வெறும்பாறையில் உயிர் எவ்வாறு குடியேறுகின்றது? பாறை எவ்வாறு மண்ணாகின்றது? எந்தப் பாறை எந்நாள் வெளிப்பட்டது என அறியக்கூடாமையின், நம் நாட்டுக் குன்றுகளை நோக்கி இதற்கு விடை காண்டல் அரிது. பனியாறு பின்வாங்கிய நிலமோ ஆண்டுக் கணக்கு எழுதிய ஏடு போன்றது. மலைமேல் ஆண்டாண்டாய் வீழ்ந்த பனி இறுகிக் கட்டியாகித் தன் பொறையாலேயே மெல்லக் கீழ்நோக்கி நகர்வது பனியாறு. கங்கை வெளிப்படும் கோமுகம் கங்கோத்திரிப் பனியாற்றின் வாயாகும். அவ்வாய் 1935 முதல் 1996 வரை ஒரு கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியதென அளந்துள்ளனர். அத்தகைய பனி விளிம்பில் நிற்பவர் அண்மையில் வெளிப்பட்ட நிலத்தில் நிற்கின்றார். விலகி நடக்குந்தோறும் நிலத்தின் அகவை கூடும். நூறடி நடப்பதற்குள் ஓரிரண்டு ஆண்டுகளைக் கடந்தவராவார். (ஐந்திணை வகுத்த நம் முன்னோர் இந்நிலத்தைக் கண்டிருப்பின் எப்பூவால் பெயரிட்டிருப்பரோ! பனி விளிம்பிற் பூவே இல்லையே!)

அங்கு முதற்குடிகள் யாவர்? வெயிலைக்கொண்டு தம் உணவைத் தாமே ஆக்கவல்ல பாசிகளே என்பது பழைய கொள்கை. ஜாவாவிற்கும் சுமத்திராவிற்கும் இடையிலுள்ள கிரக்கத்தோவாத் தீவு 1883இல் எரிமலை வெடித்துச் சாம்பலால் மூடுண்டது; 1886இல் அங்குச் சென்ற டிரூப் என்னும் தாவரநூலார் சாம்பல்மேல் நீலப்பசும்பாசிப் படலத்தைக் கண்டார். அக்கொள்கை அதனால் வலுப்பெற்றது. பனி விட்ட நிலம் வேறு கதை சொல்லுகின்றது. ஆஸ்திரிய நாட்டுப் பனியாறு ஒன்றனருகே நிகழ்ந்து 2007இல் வெளிவந்த ஆராய்ச்சி, ஆங்கு முதலில் வாழும் பாக்டீரியாக்கள் ஆக்கி உண்பன அல்ல, இருப்பதை உண்பனவே எனக் காட்டிற்று. ஒன்றுமில்லா நிலத்தில் இருப்பது யாது? பண்டொருகால் அங்கு வாழ்ந்த உயிர்களின் எச்சம், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழமையுடையது, பனி விலகவே வெளிப்படுகின்றது. புதுக்குடிகள் அப்பழஞ்சோற்றை உண்டே வாழத் தொடங்குகின்றன! காற்றுக் கொணரும் தூசியும் பூச்சியும் இதற்குத் துணை.

ஆக்குவோர் வருதற்கும் நெடுங்காலம் ஆவதில்லை. தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாட்டில், ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்தில், பூக்கா என்னும் பனியாற்றங்கரை மண்ணைச் சோதித்தவர்கள், பனி விலகிய நான்கைந்து ஆண்டுகளுக்குள், செடி ஒன்றும் முளையாமுன்னரே, நீலப்பசும்பாசியின் வகைகள் பெருகுதலைக் கண்டு 2008இல் வெளியிட்டனர். அவை காற்றிலுள்ள நைட்ரஜனைப் பற்றி மண்ணுக்கு உரமாக்குகின்றன. உதிர்ந்த துகள்களைப் பிணித்து நிலத்தை உறுதிப்படுத்துகின்றன. உழவர் எருவிடுதலையும் வரப்புக் கட்டுதலையும் ஒருங்கே செய்கின்றன எனலாம்.

இனிக் கல்லைக் கரைப்போரைப் பற்றி ஒரு சொல். சுவிட்சர்லாந்திலுள்ள டம்மா பனியாற்றின் முன்றில் முழுவதும் கருங்கல் இனத்ததாகிய கிரானைட்டுப் பாறை. அங்கிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாக்களைக் கிரானைட்டுப் பொடியுடன் வைத்து ஆராய்ந்தபோது, சில வகைகள் ஆக்ஸாலிக் அமிலம் முதலியவற்றைக் கசியவிட்டுக் கல்லிலுள்ள இரும்பு போன்ற பொருள்களைக் கரைத்தமை புலனாயிற்று. இதனை வெளியிட்ட ஆண்டு 2010. உளி வேண்டா, வெடி வேண்டா. ஒரு துளி புளிப்பே போதும். ஆனால், காலம் வேண்டும்.

பெருமுக்கலில் நிலைமை வேறு. வெட்டிய பாறைமுகத்தின் உள்ளே பழஞ்சோறு இல்லை. காற்றும் மழையும் தருவதே உணவு. அங்குப் பகை குளிரன்று, வெயில். கோடையில் அக்கரும்பட்டை காய்ந்து சருகாகி உறங்கும். மழை பட்டதும் விழித்து மீண்டும் தொழில் தொடங்கும். அவ்வாறு மழைதோறும் சிறுகச்சிறுகச் சேர்த்த அத்தோலை ஒரு வெடி ஒரு நொடியில் உரித்துவிடுகின்றது. யாம் கண்ட வெளிறிய முகத்தில் ஒரு புள்ளிக் கருமையும் இல்லை. மழைக்காலம் கழிந்தபின் அதனை மறுபடியும் சென்று காணக் கருதியிருக்கிறோம்.