அதென்ஸ் நகரத்தின் பத்துக் குலங்கள்

குலம் என்றவுடன் பிறப்பால் வரும் உறவே நம் நினைவுக்கு வரும். ஆயின், அரசியலறிஞன் ஒருவன் வகுத்தமைத்த குலங்களும் வரலாற்றில் உள. அவை அதென்ஸ் நகரத்தில் எழுந்தவாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

பண்டை அதெனியர் நான்கு அயோனியக் குலங்களாகப் பிரிந்திருந்தனர். அவை பிறப்பு வழிப்பட்டவை. உயர்குடியினரே அவற்றிற் செல்வாக்குற்றிருந்தனர். இதனோடு சமவெளியார், கரையோரத்தார், மலைப்புறத்தார் எனப் பிரதேசக் கட்சிகளும் கி. மு. 6ஆம் நூற்றாண்டிற் பூசலிட்டன. அப்பூசலைப் பயன்படுத்தியே பிசிஸ்திராத்தஸ் தனியாட்சியைக் கைப்பற்றினான்.

அவன் மைந்தரின் ஆட்சி வீழ்ந்தபின், கி. மு. 508 அளவில், கிளெய்ஸ்தெனிஸ் என்பான் பொதுமக்கள் துணையுடன் ஆட்சியமைப்பைத் திருத்தினான். அவன் கையாண்ட உபாயம் பெரிதும் நோக்கற்பாலது. அத்திக்கா நாட்டை நகரம், கரையோரம், உள்நாடு என மூன்றாக வகுத்து, ஒவ்வொன்றையும் பத்துக் கூறாக்கினான். மூவிடத்தினின்றும் ஒவ்வொரு கூறு எடுத்து இணைத்து ஒரு குலமாக்கினான். இங்ஙனம் பத்துக் குலங்கள் தோன்றின. இவற்றின் அடிப்படை ஊர்களாம். அவை ஏறத்தாழ 140.

குலமொன்றுக்கு ஐம்பதின்மராக ஐந்நூற்றுவர் சபை அமைந்தது. ஒவ்வொரு குலத்தின் ஐம்பதின்மரும் ஆண்டின் பத்திலொரு பங்கு காலம் முறையே சபையை நடத்தினர். படையும் குலவாரியாகவே அணிவகுத்தது. எனவே, முன்னர்ப் பிரதேசத்தாற் பிரிந்து நின்றோர் சபையில் ஒருங்கிருக்கவும் போரில் ஒருங்குநிற்கவும் வேண்டியவராயினர்.

கிளெய்ஸ்தெனிஸ் பழைய சகோதரக் குழுக்களையும் குருத்துவ உரிமைகளையும் அழித்திலன். புதிய குலங்களுக்கும் மூதாதையர் வேண்டுமென உணர்ந்தான். நூறு வீரர் பெயர்களினின்று பத்தினை டெல்பித் தெய்வவாக்குத் தெரிந்ததென அரிஸ்டோட்டில் பெயரால் வழங்கும் நூல் கூறும். அவருள் அயாஸ் அத்திக்காவைச் சேர்ந்தவனல்லன். அயலிலுள்ள சலாமிஸ் தீவினன்.

எனினும், இத்திருத்தம் குறையற்றதன்று. பெண்களும் அடிமைகளும் குடியேறிய அந்நியரும் சபைக்குப் புறம்பாயினர். ஊருரிமையும் தந்தைவழி மைந்தர்க்குச் சென்றமையால், வேற்றூர் சென்று வாழ்ந்தோனும் முன்னோர் ஊரினனாகவே கணிக்கப்பட்டான். கி. மு. 451இல் பெரிக்கிளிஸ் கொணர்ந்த சட்டம் பெற்றோர் இருவரும் அதெனியராதல் வேண்டுமென விதித்தது. பிறப்பின் பிடியைத் தளர்த்த எழுந்த அமைப்பு மீண்டும் பிறப்பினுள்ளே அடங்கிற்று.

ஆயினும், அதன் அடிப்படை வீணாகவில்லை. மாந்தரைப் பிரிக்கும் எல்லைகள் மாந்தராலேயே வரையப்படுவன. ஆதலின் அவராலேயே திருத்தி வரையவும் படும். கிளெய்ஸ்தெனிஸ் நமக்குணர்த்தும் உண்மை இதுவேயாம்.